கண்ணு நல்லாத்தானே தெரியுது?

சர்க்கரை இருக்கிற யாரிடமாவது "சுகர் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன்னாடி இவ்வளவு, பின்னாடி இவ்வளவு, மூணு மாச சராசரி இவ்வளவு என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒப்பிப்பார்கள். "சரி, கண்ணை எப்போ காட்டினீங்க?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

"கண்ணுக்கு என்னங்க? நல்லாத்தானே தெரியுது. பேப்பர் படிக்கிறேன், தூரத்துல வர்ற பஸ்ஸோட நம்பர் தெரியுது. அப்புறம் எதுக்கு டெஸ்ட்டு?"

சொந்தக்காரங்க, ஆபீஸ் நண்பர்கள், காலையில் நடக்க வரும் கோஷ்டி என்று பல வாயிலிருந்து இந்த பதிலைக் கேட்டாச்சு. யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான். வலி இல்லாதவன் எதுக்கு வைத்தியரைத் தேடிப் போகணும்? ஆனால் இதற்கு உறுதியான ஒரு பதில் சொல்ல மருத்துவ உலகத்துக்கே 125 வருஷம் பிடித்தது. 1851-ல் ஆரம்பித்து 1976-ல்தான் பதில் கிடைத்தது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. காபி வேணும்னா எடுத்துட்டு வந்துடுங்க (சர்க்கரை கம்மியா!).

கருப்புக்குள்ள என்ன இருக்கு?

ஒருத்தர் கண்ணை நேராகப் பாருங்கள். நடுவில் இருக்கும் பாப்பா கன்னங்கரேல் என்று இருக்கும். அது ஒரு ஓட்டை. அதற்குப் பின்னால்தான் விழித்திரை, ரத்தக் குழாய், மூளைக்குப் போகிற நரம்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் எதுவும் தெரியாது. ஏன்?

உள்ளே போகும் வெளிச்சம் போன வழியாகவே திரும்பி வெளியே வருகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் அந்த வழியிலேயே நம் கண்ணை வைக்கணும். அங்கே தலையைக் கொண்டுபோய் நீட்டினால் நம்ம தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும். விளக்கும் பார்க்கிறவன் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தாகணும். சிக்கல் அவ்வளவுதான், ஆனால் அதை அவிழ்க்க 1850 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

கோனிக்ஸ்பர்க் என்ற ஊர் (அப்போது பிரஷ்யா, இப்போது ரஷ்யாவின் கலினின்கிராட்). அங்கே உடலியங்கியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு 29 வயது. மாணவர்களுக்கு இந்த வெளிச்சத்தின் போக்கை எப்படி விளக்குவது என்று யோசித்தபோது ஒரு வழி தோன்றியது. மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக வைத்தார். பக்கத்தில் இருக்கும் விளக்கு வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி எதிரில் இருப்பவரின் கண்ணுக்குள் போகும். அங்கிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தில் ஒரு பகுதி அதே கண்ணாடியை ஊடுருவி இவர் கண்ணுக்கு வரும். அட்டை, பசை, கண்ணாடித் துண்டு, இவ்வளவுதான் சரக்கு. உயிரோடு இருக்கிற ஒரு மனிதனின் விழித்திரையை அதில் பார்த்தார். 1851-ல் அதைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார்.

இதில் ஒரு சோகமான துணைக்கதை உண்டு. கணிப்பொறிக்குத் தாத்தா என்று நாம் சொல்கிற சார்லஸ் பாபேஜ், 1847-லேயே இதே மாதிரி ஒரு கருவியைச் செய்து லண்டனில் ஒரு கண் மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். அந்த மருத்துவருக்கு அதன் அருமை புரியவில்லை. விஷயம் அப்படியே கிடப்பில் போய்விட்டது. பாவம் பாபேஜ், அவருக்கு எதிலும் இதே ராசிதான்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் கருவியால் என்ன பெரிய லாபம்? உடம்பில் கத்தி வைக்காமல் ரத்தக் குழாய்களை நேரடியாகப் பார்க்க முடிகிற இடம் கண்ணின் உள்பக்கம்தான். கண்ணுக்கு மட்டும் திறந்த ஜன்னல் இல்லை அது, உடம்பு முழுவதுக்கும் திறந்த ஜன்னல்.

பார்க்க முடிஞ்சது, ஒண்ணும் பண்ண முடியலை

ஜன்னல் திறந்த சில வருஷங்களிலேயே, 1850-களின் நடுவில், வியன்னாவின் எடுவார்ட் யேகர் சர்க்கரை நோய் இருந்த ஒருவரின் விழித்திரையில் மஞ்சள் திட்டுகளையும் ரத்தக் கசிவுகளையும் பார்த்து எழுதி வைத்தார். உடனே எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா? அதெப்படி! அந்தக் காலத்துக் கண் மருத்துவத்தின் பெரிய தலையான ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே, சர்க்கரைக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்றார். சர்க்கரையாலா, ரத்தக் கொதிப்பாலா, வயசாலா என்ற வழக்கு 20-ம் நூற்றாண்டு வரைக்கும் இழுத்தது.

வழக்கு இழுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. கண் கெடுகிற அளவுக்கு நோயாளிகள் உயிரோடு இருந்தால்தானே? சின்ன வயதில் சர்க்கரை வந்தவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். 1922 ஜனவரியில் டொரொன்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு இன்சுலின் போட்டார்கள், அவன் பிழைத்தான். பின்னாலேயே ஆயிரக்கணக்கில் பிழைத்தார்கள். பதினைந்து இருபது வருஷம் கழித்து, பிழைத்தவர்களின் கண்கள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. உயிரைக் காப்பாற்றிய வைத்தியம் அதுவரை ஒளிந்திருந்த ஒரு நோயை வெளியே கொண்டுவந்தது.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மேலே கதை புரியாது. சர்க்கரை அதிகமாக ஓடி ஓடி விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர் பலவீனமாகிறது. முதலில் அங்கங்கே குண்டூசித் தலை மாதிரி சிவப்புப் புள்ளிகள், குழாய் புடைத்துக்கொண்டு நிற்பவை. அடுத்து கசிவு, கொழுப்புப் படிவு. சில குழாய்கள் அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் ஆக்சிஜன் இல்லாமல் விழித்திரை தவிக்கும். தவிக்கிற விழித்திரை "எனக்குப் புதுக் குழாய் வேணும்" என்று சமிக்ஞை அனுப்பும். புதுக் குழாய்கள் முளைக்கும். ஆனால் அவை காண்ட்ராக்டர் அவசரத்தில் போட்ட பைப் மாதிரி. லேசாக இழுபட்டாலும் உடையும். உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம். கூடவே தழும்பு வளர்ந்து விழித்திரையையே பிய்த்து இழுக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது பேப்பர் படிக்கலாம், பஸ் நம்பர் பார்க்கலாம். நாம் எழுத்தைப் படிக்கப் பயன்படுத்துவது விழித்திரையின் நடுவில் இருக்கும் மேக்குலா என்கிற சின்னஞ்சிறு இடம். சுற்றிலும் தீப்பிடித்து எரிந்தாலும், அந்த நடுவீட்டுக்கு வரும் வரை வீட்டுக்காரருக்குத் தெரியாது. வலியும் கிடையாது.

ஆக, 1851-லிருந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் மருத்துவர்களால் நோயைப் பார்க்க முடிந்தது, படம் வரைய முடிந்தது, தள்ளிப் போட ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் காலத்தில் ஒருவர் "நல்லாத்தானே தெரியுது, எதுக்கு டெஸ்ட்டு?" என்று கேட்டிருந்தால், மருத்துவரிடமும் பதில் இருந்திருக்காது. முன்கூட்டியே தெரிந்துகொண்டு கவலைப்படுவதைத் தவிர வேறு என்ன லாபம்?

எவ்வளவு தூரம் தவித்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி. 1953-ல் டென்மார்க்கில் ஒரு மருத்துவர், பிரசவத்தில் பிட்யூட்டரி சுரப்பி செத்துப்போன ஒரு சர்க்கரை நோயாளியின் விழித்திரை தானாகத் தேறியிருப்பதைப் பற்றி எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் காப்பாற்ற மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியையே அகற்ற ஆரம்பித்தார்கள்! அதற்கு அப்புறம் ஆயுள் முழுக்க வேறு ஹார்மோன்களை மருந்தாக எடுத்துக்கொள்ளணும். அதற்கும் ஆட்கள் சம்மதித்தார்கள். பார்வை என்றால் அப்படி.

கிரகணம் காட்டிய வழி

வழி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1945 ஜூலை 9, ஜெர்மனியில் சூரிய கிரகணம். வெறும் கண்ணால் அதைப் பார்த்த ஒரு மருத்துவ மாணவர் பார்வை மங்கி, ஹாம்பர்க்கில் கெர்ட் மேயர்-ஷ்விக்கெராத் என்ற இளம் கண் மருத்துவரிடம் வந்தார். விழித்திரையில் சூரியன் சுட்ட தழும்பு. மற்றவர்கள் "ஐயோ பாவம்" என்று விட்டிருப்பார்கள். இவருக்கு வேறு மாதிரி தோன்றியது. வெளிச்சத்தால் கண்ணுக்குள் தழும்பு போட முடியும் என்றால், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்குப் போட்டால் என்ன?

மருத்துவமனைக் கூரையில் கண்ணாடிகளை வைத்து சூரிய வெளிச்சத்தைக் கீழே கொண்டுவந்து விழித்திரைக் கிழிசல்களை ஒட்டினார். ஹாம்பர்க்கில் சூரியன் என்றைக்கு ஒழுங்காக வந்தது? அதனால் கார்பன் விளக்கு, பிறகு 1950-களில் செனான் விளக்கு. 1960-ல் லேசர் பிறந்தது. சில வருஷங்களில் அது கண் மருத்துவத்துக்குள் நுழைந்துவிட்டது.

சர்க்கரைக் கண்ணில் எங்கே சுடுவது? பாஸ்டனில் இருக்கும் ஜாஸ்லின் சர்க்கரை நோய் மையத்தில் லாயிட் ஐயெல்லோவும் வில்லியம் பீத்தமும் ஒன்றைக் கவனித்தார்கள். வேறு ஏதோ காரணத்தால் விழித்திரையில் ஏற்கனவே பெரிய தழும்புகள் இருக்கிற கண்களில் சர்க்கரைப் பாதிப்பு குறைவாக இருந்தது. ஒரே ஆளுக்கு ஒரு கண் மோசம், தழும்பு உள்ள கண் பரவாயில்லை. அப்படியானால் நாமே தழும்பு போடுவோம் என்று, நடுப்பகுதியைத் தொடாமல் ஓரப் பகுதிகளில் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னச் சூடுகள் வைத்தார்கள். ஓரத்தைப் பலிகொடுத்து நடுவைக் காப்பாற்றுவது. தவிக்கிற பகுதியைக் குறைத்தால் "புதுக் குழாய் வேணும்" என்ற கூப்பாடும் குறையும் என்கிற விளக்கம் பின்னால் தெளிவானது. அந்தக் கூப்பாட்டின் பெயர் விஇஜிஎஃப் என்கிற புரதம். சர்க்கரைக் கண்ணின் நீரில் அது கூடியிருப்பதைக் காட்டிய 1994-ம் வருஷ ஆய்வின் முதல் ஆசிரியர் லாயிட் பால் ஐயெல்லோ. மேலே சொன்ன ஐயெல்லோவின் மகன்! இன்று கண்ணுக்குள் போடுகிற ஊசிகள் அந்தப் புரதத்தைத்தான் தடுக்கின்றன.

மறு கண்

ஆனால் 1960-களின் கடைசியில் ஒரு பெரிய சந்தேகம் பாக்கி இருந்தது. பிழைத்த கண் லேசரால் பிழைத்ததா, இல்லை தானாகவே பிழைத்திருக்குமா? சும்மா இருந்த கண்ணைச் சுட்டுக் கெடுத்துவிட்டால்?

1968-ல் வர்ஜீனியாவில் ஏர்லி ஹவுஸ் என்ற இடத்தில் நிபுணர்கள் கூடினார்கள். எது எவ்வளவு மோசம் என்று எல்லோரும் ஒரே அளவுகோலில் சொல்ல, படங்களை வைத்து ஒரு தர வரிசை உருவானது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் தேசிய கண் நிறுவனம் ஒரு பெரிய சோதனையை ஆரம்பித்தது. 15 மையங்கள், 1,758 நோயாளிகள். எல்லோருக்கும் இரண்டு கண்ணிலும் நோய், இரண்டு கண்ணிலும் இன்னும் பார்வை இருந்தது. ஒரு கண்ணுக்கு வைத்தியம். மறு கண்ணுக்கு ஒன்றும் கிடையாது. எந்தக் கண் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும்.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கணும். எந்த வைத்தியம் நல்லது என்று யாருக்கும் தெரியாது. சுட்ட கண் போகலாம், சுடாத கண்ணும் போகலாம். தெரிந்தே ஆயிரத்து எழுநூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

1976-ல் முதல் கணக்கு வந்தது. வைத்தியம் செய்யாத கண்களில் இரண்டு வருஷத்துக்குள் கடுமையான பார்வை இழப்பு 16.3 சதவீதம். வைத்தியம் செய்த கண்களில் 6.4 சதவீதம். கடுமையான இழப்பு என்று அவர்கள் சொன்னது, நல்ல கண் 200 அடியிலிருந்து படிக்கிற எழுத்தை 5 அடியில் வைத்தும் படிக்க முடியாத நிலையை. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்ததால், முடிவு வரை காத்திருக்காமல் சோதனையின் விதியையே மாற்றினார்கள். ஆபத்தான நிலையில் இருந்த மறு கண்களுக்கும் வைத்தியம் கொடுக்கலாம் என்றானது. அதற்குள் சிலருக்கு அந்த மறு கண் போயிருந்தது. நமக்கு இன்று கிடைத்திருக்கிற பதில் அந்த மறு கண்கள் கொடுத்த பதில்.

1985-ல் இன்னொரு சோதனை (3,711 பேர்) மேக்குலாவில் நீர் கோத்துக்கொள்ளும் வகைக்கும் லேசர் பலன் தரும் என்று காட்டியது. ஆனால் இரண்டு சோதனைகளிலிருந்தும் ஒரு கசப்பான உண்மையும் தெரிந்தது. லேசர் இருப்பதைக் காப்பாற்றும், போனதைப் பெரும்பாலும் திருப்பித் தராது. இருட்டில் பார்ப்பதும் ஓரப் பார்வையும் கொஞ்சம் குறையவும் செய்யும்.

நம்ம கேள்விக்கு பதில் இதில்தான் இருக்கிறது. பார்வை மங்கிய பிறகு போனால், மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். முழுசாகக் காப்பாற்ற வேண்டுமானால் நல்லாத் தெரியும்போதே போகணும். "நல்லாத்தானே தெரியுது" என்பது போகாமல் இருப்பதற்கான காரணம் இல்லை, போவதற்கான காரணமே அதுதான்!

வீடு தேடி வந்த கடிதம்

கருவி வந்தாச்சு, வைத்தியம் வந்தாச்சு. கதை முடிந்ததா? இல்லை. ஆளை நாற்காலியில் உட்கார வைக்கணுமே.

இதில் இங்கிலாந்து செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1989-ல் இத்தாலியின் செயின்ட் வின்சென்ட் நகரில் ஐரோப்பிய நாடுகள் கூடி, சர்க்கரையால் வரும் பார்வையிழப்பை மூன்றில் ஒரு பங்காவது குறைப்போம் என்று அறிவித்தன. அறிவிப்பு யார் வேணும்னாலும் விடலாம், நமக்குத் தெரியாததா! ஆனால் இங்கிலாந்தில் 2003-லிருந்து படிப்படியாக ஒரு ஏற்பாடு வந்தது. சர்க்கரை உள்ள, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருடைய பட்டியலையும் எடுத்து, ஆரம்பத்தில் வருஷம் ஒரு முறை "வாங்க, கண்ணைப் படம் எடுத்துக்குவோம்" என்று ஒவ்வொருவருக்கும் கடிதம். அங்கே பெரிய டாக்டர் உட்கார்ந்திருக்க மாட்டார். சொட்டு மருந்து போட்டு, கேமராவில் படம் எடுத்து, பயிற்சி பெற்றவர்கள் தரம் பிரித்து, சந்தேகம் இருந்தால் மட்டும் கண் மருத்துவமனைக்கு.

2014-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினருக்குப் பார்வையிழப்புச் சான்றிதழ் தருவதற்கான காரணங்களில், குறைந்தது ஐம்பது வருஷங்களில் முதல் முறையாக, சர்க்கரைக் கண் நோய் முதலிடத்திலிருந்து இறங்கியிருந்தது. பரிசோதனை ஏற்பாடும் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதும் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். புது மருந்து கண்டுபிடித்ததைப் போலவே ஒரு பட்டியலும் ஒரு தபாலும் கண்களைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேணும்?

நம்ம பக்கம்

சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' கண் ஆய்வு 2005-ல் வெளியானது. 1,715 சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்ததில் 17.6 சதவீதம் பேருக்குப் பாதிப்பு இருந்தது. இதில் என்னை உலுக்கியது வேறு எண். அந்த ஆய்வில்தான் தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரிய வந்தவர்களிலும் 5.1 சதவீதம் பேருக்குக் கண்ணில் பாதிப்பு ஏற்கனவே ஆரம்பித்திருந்தது. சர்க்கரை வீட்டுக்குள் வந்தது தெரிவதற்கு முன்பே ஜன்னலை உடைத்தாயிற்று. பெரியவர்களுக்கு வருகிற வகைச் சர்க்கரையில், கண்டுபிடித்த உடனேயே கண்ணைக் காட்டச் சொல்வது இதனால்தான்.

நமக்குப் பெருமைப்படவும் ஒன்று இருக்கிறது. விழித்திரைப் படத்தைக் கணினியே படித்துச் சொல்லும் கூகிள் ஆய்வு 2016-ல் வந்தது. கணினிக்குக் கற்றுக்கொடுத்த படங்களில் மதுரை அரவிந்த் மருத்துவமனையின் படங்களும் சென்னை சங்கர நேத்ராலயாவின் படங்களும் உண்டு. 2018-ல் அமெரிக்காவில் இந்த மாதிரி வேறொரு கருவிக்கு, டாக்டர் பார்க்காமலேயே முடிவு சொல்ல அரசு அனுமதி கிடைத்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸின் அட்டையும் பசையும் இவ்வளவு தூரம் வந்துவிட்டன.

ஆனால் எவ்வளவு புத்திசாலிக் கணினியாக இருந்தாலும், கேமராவுக்கு முன்னால் தாடையை வைத்து உட்காராத ஆளின் கண்ணைப் பார்க்க முடியாது. இங்கிலாந்து மாதிரி பட்டியல் போட்டு எல்லோர் வீட்டுக்கும் கடிதம் வருகிற ஏற்பாடு நம்மிடம் இல்லை. அதனால் அந்தக் கடிதம் வேலையை வீட்டில் இருப்பவர்கள்தான் செய்யணும். நிறைய பேர் தட்டிக் கழிப்பது பயத்தால் மட்டும் இல்லை. சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், வெயில் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. ஒரு அரை நாள் போச்சு, கூட வர ஆள் இல்லை. விஷயம் பல நேரம் இவ்வளவுதான்.

உங்க வீட்டில் சர்க்கரை இருக்கிறவர் யாராவது இருந்தால் இந்த 170 வருஷக் கதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டாம். "சனிக்கிழமை காலையில நான் வண்டி எடுத்துட்டு வர்றேன், கருப்புக் கண்ணாடி இருந்தா எடுத்து வச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

பி.கு: நான் டாக்டர் இல்லை, வரலாறு படிக்கிற ஆர்வக்கோளாறு மட்டுமே. எத்தனை மாசத்துக்கு ஒரு முறை காட்டணும் என்பதை உங்க டாக்டரிடம் கேட்டுக்கோங்க. சர்க்கரை இருக்கிற பெண்கள் கர்ப்பமானால் கண்ணைச் சீக்கிரமாகவே காட்டணும், அப்போது பாதிப்பு வேகமாகக் கூடலாம். இன்னொன்று, கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது வேறு, இது வேறு. அங்கே எழுத்தைப் படிக்கச் சொல்வார்கள். இங்கே உங்க கண்ணைப் படிப்பார்கள்.